அறிவியற் பாடமும் நன்னூல் நெறியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றுபவள் அறிவியற் கல்வியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். சொல் ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் நிற்குமாயின் அது நம் துறைக்கும் உரிய சிக்கலே.

1987-இல் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மாணவர், பழைய மாணவர், பேராசிரியர் என 23 பேரிடம், பருவங்கள் மாறுவது ஏன், நிலவு தேய்ந்து வளர்வது ஏன் என வினவினர். 21 பேரின் விளக்கம் பிழையானது. பூமி கதிரவனை நெருங்கும்போது கோடை, விலகும்போது குளிர் என்று பட்டத்து அங்கியுடன் தயக்கமின்றி மொழிந்தனர்.

பருவங்கள் பற்றிய வினாவை இளங்கலைத் தமிழ் மாணவியரிடம் நானும் கேட்டேன். பலரிடமிருந்து அதே விடைதான் வந்தது. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது என்னும் வரியோ அவர்களுக்கு மனப்பாடம்! அவ்வரி தேர்வுக்கு உரியது. நெருப்பை நெருங்கினால் சுடும் என்பது வாழ்வுக்கு உரியது. இரண்டும் ஒரே நெஞ்சில், ஒன்றையொன்று சந்திக்காமலே குடியிருக்கின்றன.

இதனை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. பள்ளிக்கு வருமுன்பே அடுப்படியில் கை கற்ற பாடம் அது. நாள்தோறும் மெய்யாகிக்கொண்டே இருப்பது. பாடநூற் படமும் அதற்குத் துணைபோகிறது. ஏறத்தாழ வட்டமான பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரையும்போது அது நீண்ட முட்டையாகத் தோன்றுகிறது. காணும் பிள்ளை தொலைவே காரணமென உறுதிகொள்ளாமல் என்செய்யும்?

பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதங்களைக் கூறுகிறார். பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு, பின்னர் அதனைக் களைதல் அவற்றுள் ஒன்று. உரையாசிரியர்கள் இதில் வல்லவர்கள். எதிராளியின் கருத்தை அவன் சொல்வதினும் செம்மையாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்கள். நம் அறிவியல் வகுப்பு தன் மதத்தை மட்டுமே நாட்டுகிறது. மாணவனுக்கும் ஒரு மதம் உண்டென்பதை அது கேட்பதே இல்லை. கேட்கப்படாத கொள்கை எவ்வாறு களையப்படும்?

‘நெருங்கினால் கோடை’ என்பதையே கரும்பலகையில் எழுதி, மெய்யென்று கொண்டு தொடர்வோம். பூமி கதிரவனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது சனவரி முதல் வாரத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடியில், இருப்பது சூலைத் தொடக்கத்தில். அப்படியானால் பனியில் நடுங்கிக்கொண்டு கோலமிடும் மார்கழியன்றோ நமக்குக் கடுங்கோடையாதல் வேண்டும்? அதே சனவரியில் ஆஸ்திரேலியாவில் வெயில் கொளுத்துகிறதே, அது எவ்வாறு? இவ்விடத்தில் மாணவியே தன் கருத்தைக் கைவிடுகிறாள். மனப்பாடமாய்க் கிடந்த அச்சின் சாய்வு அப்போதுதான் அவளுக்குத் தேவைப்படுகிறது.

கவிஞர்கள் அஞ்சவேண்டா, மதியைப் பாம்பு விழுங்கும் உவமையை நான் குறைகூற வரவில்லை. உவமை தன்னை உவமையென்று அறிவித்துக்கொண்டே வருகிறது. வழக்குச்சொல்லுக்கு அந்த நேர்மை இல்லை. கடைக்காரர் எடையைக் கிலோவில் சொல்கிறார்; இயற்பியலோ கிலோவை நிறைக்குத் தந்து, எடையை நியூட்டனில் அளக்கிறது.

‘வேலை’ என்னும் சொல் இன்னும் கடுமையானது. தலைச்சுமையுடன் சமதளத்தில் சீராக நடப்பவர் அச்சுமையின்மீது செய்யும் வேலை சுழி என்கிறது இயற்பியல். என் மாணவி ஒருத்தியின் தந்தை மூட்டை தூக்குபவர். பள்ளியில் அவள், “அப்படியானால் என் அப்பா வேலையே செய்யவில்லையா?” என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்தது. தேர்வில் வராது, உட்கார் என்பதே கிடைத்த விடை. அதன்பின் அவள் அறிவியலின் பக்கம் திரும்பவில்லை. எங்கள் துறைக்கு நல்ல மாணவி கிடைத்தாள் என்று மகிழ என்னால் இயலவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் விரிவுரையாளர் அவளோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசினார். உன் தந்தை களைப்பது உண்மை என்றே தொடங்கினார். சுமையைத் தாங்கும் தசைநார்கள் ஓயாது சுருங்கித் தளர்கின்றன. உண்ட சோற்றின் ஆற்றல் அங்கே செலவாகி வெப்பமாகிறது. சூத்திரம் கணக்கிடுவது மூட்டைக்குச் சேர்ந்ததை மட்டுமே, உடல் இழந்ததை அன்று என்றார். அவள் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தந்தையிடம் படித்துக் காட்டப்போவதாகச் சொன்னாள்.