வண்டியின் மின்சாரம் பிறக்குமிடம்

(கல்வராயன்மலை, வெள்ளிமலையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமாயிற்று. விழுப்புரத்திலிருந்த மாவட்டத் தலைநகர் நம் மலையடிவாரத்திற்கு அருகே வந்தது. ஆயினும், மலைக்கும் சமவெளிக்கும் இடையே உள்ள வளைவுகள் குறைந்துவிடவில்லை. நமது மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், சின்னசேலம் பகுதிகளிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்வதும், உரமும் அரிசியும் மேலே வந்து சேர்வதும் வண்டிகளினாலேயே நடைபெறுகின்றன. 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் ஓடுகிறது. என்றாலும், உட்கிராமத்திலிருந்து பிரசவ வேதனையில் துடிக்கும் தாயைச் சாலை வரை கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் ஊரிலுள்ள ஜீப்போ சிறு லாரியோதான்.

அந்த வண்டி இரவில் கச்சிராயபாளையம் நோக்கிச் சரிவில் இறங்கும்போது முன்விளக்கு மங்கிப்போனால் என்ன நேரும்? அதனை நான் விவரிக்க வேண்டுவதில்லை. அவ்விளக்கிற்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் என்னும் கருவியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். பட்டறைகளில் பலர் இதனை இன்றும் 'டைனமோ' என்றே அழைக்கின்றனர்.

தொட்டியும் மோட்டாரும்

விளக்கு மங்கினால் 'பேட்டரி போய்விட்டது' என்பதே நம் முதற்பேச்சு. இது எவ்வளவு பொருத்தம் என்று நம் ஊர்க் குடிநீர்த் திட்டத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியில் நீர் வற்றிவிட்டால் புதுத் தொட்டி கட்டத் தீர்மானம் போடுகிறோமா? மோட்டார் ஓடுகிறதா என்றல்லவா முதலில் பார்க்கிறோம்! பேட்டரி என்பது தொட்டி. ஆல்டர்னேட்டர் என்பது மோட்டார். பேட்டரி எஞ்ஜினைக் கிளப்பிவிடும். அதன்பின் விளக்கு, ஹாரன், வைப்பர் அனைத்திற்கும் மின்சாரம் தந்து, பேட்டரியையும் மீண்டும் நிரப்புவது ஆல்டர்னேட்டரின் கடமை.

ஓர் ஒன்றியத்தில் ஒரு வண்டிக்கு ஓராண்டிற்குள் இரண்டு புதிய பேட்டரிகள் வாங்கப்பட்டதை நான் அறிவேன். இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட குறை, தேய்ந்து வழுக்கிய ஒரு பெல்ட் மட்டுமே. அந்தப் பேட்டரிகளுக்குச் செலவானது மக்கள் வரிப்பணம்.

அது வேலை செய்யும் விதம்

காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அதே தத்துவம் நம் வண்டியிலும் இயங்குகிறது. எஞ்ஜினின் சுழற்சியை ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரின் கப்பிக்குக் கொண்டுவருகிறது. கப்பியோடு சேர்ந்து சுழலும் சுருளுக்கு ரோட்டார் என்று பெயர். இரண்டு கார்பன் பிரஷ்களின் வழியே சிறிது மின்சாரம் அதனுட் சென்று அதைக் காந்தமாக்குகிறது. அதனைச் சூழ்ந்து அசையாதிருக்கும் ஸ்டேட்டார் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது.

இந்த மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. பேட்டரியோ ஒரே திசையில் வரும் மின்சாரத்தையே ஏற்கும். ஆதலால், டயோடுகள் என்னும் சிறு உறுப்புகள் ஒருவழிக் கதவுகள்போல நின்று அதனை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. எஞ்ஜின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் மின்னழுத்தம் அளவு மீறாதபடி ரெகுலேட்டர் காக்கிறது.

முற்காலத்து வண்டிகளில் இருந்த டைனமோ, எஞ்ஜின் மெதுவாக ஓடும்போது மின்சாரம் தர இயலாதது. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. டயோடுகள் மலிவடைந்ததும் உலகெங்கும் அது பரவிற்று. நம் தமிழகத்திலும் 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் வண்டிகளுக்கான மின்கருவிகளைச் செய்துவருகிறது.

மலைப்பாதையில் ஒரு கணக்கு

முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாட் எனக் கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அவை ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கும். மழையில் வைப்பர், பின்விளக்கு, எஞ்ஜினின் சொந்தத் தேவை எல்லாம் சேர்ந்தால் 15 ஆம்பியர் ஆகிவிடும். ஆல்டர்னேட்டர் பழுதானால் 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி காகிதக் கணக்கில் 4 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் பழைய பேட்டரி அதில் பாதிகூடத் தாங்காது. பழைய டீசல் எஞ்ஜின் பகலில் இக்குறையைக் காட்டாமலே ஓடிவிடும். இருள் சூழ்ந்தபின்தான் உண்மை வெளிப்படும். கணினியால் இயங்கும் புதிய எஞ்ஜினோ மின்சாரம் தீர்ந்ததும் வழியிலேயே நின்றுவிடும்.

இங்கே ஓர் அபாயமான பழக்கத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் சரிவில் எஞ்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டி இறக்குகின்றனர். எஞ்ஜின் நின்றால் ஆல்டர்னேட்டரும் நிற்கும். அதைவிடக் கொடியது, பிரேக்கிற்கு உதவும் காற்றுறிஞ்சு விசை சில மிதிகளிலேயே தீர்ந்துபோகும். பவர் ஸ்டியரிங்கும் கல்லாய் இறுகும். இன்றைய எஞ்ஜின்களில் கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இறங்கினால் டீசல் வரத்து தானே நின்றுவிடுகிறது. ஆகவே, இப்பழக்கத்தில் மிச்சம் ஏதுமில்லை.

நாமே செய்யக்கூடிய பரிசோதனைகள்

முதலாவது, சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் பேட்டரிப் படமிட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் மின்சாரம் பிறக்கவில்லை என்று பொருள். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் அதுவும் குறையே.

இரண்டாவது, பெல்ட். எஞ்ஜினை நிறுத்திவிட்டு, நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். சாதாரணப் பெல்ட் சுமார் அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் பேரிங் கெடும். வெடிப்போ, கண்ணாடிபோல் பளபளப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். கிளப்பும்போது கீச்சென்ற ஒலி எழுவது பெல்ட் வழுக்குவதைக் காட்டும் அறிகுறி.

மூன்றாவது, மின்னழுத்தம். ஒரு மல்டிமீட்டரை ஊராட்சி அலுவலகத்தில் வாங்கி வைக்கலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருத்தல் நலம். முன்விளக்கைப் போட்ட பின்னும் 13-க்குக் கீழே இறங்கலாகாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்து நீர் வற்றும்.

நான்காவது, முனைகள். பேட்டரி முனையில் படியும் வெண்பச்சைப் பூப்பை, வயர்களைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் வயரை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

எஞ்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். இன்று அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எழும்பி டயோடுகளையும் கணினிப் பகுதியையும் எரித்துவிடக் கூடும். டிராக்டரிலோ லாரியிலோ வெல்டிங் செய்யுமுன் பேட்டரி வயர்கள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். வேறு வண்டியின் பேட்டரியால் கிளப்பும்போது பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிடலாகாது. வண்டி கழுவும்போது ஆல்டர்னேட்டரின்மேல் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். ஓடையைக் கடந்து சேறு படிந்த வண்டியில் பெல்ட்டைத் துடைத்துப் பாருங்கள்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பெல்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அறுந்திருந்தால் எஞ்ஜின் கொதித்துவிடும்; மேலே ஓட்டக் கூடாது. பெல்ட் சரியாக இருந்தால், பகலாயின் தேவையற்ற மின்சாரச் செலவை நிறுத்தி அருகிலுள்ள ஊரை அடையுங்கள். இரவாயின் மலையிறங்கத் துணியாதீர்கள். நோயாளி இருந்தால் வேறு வண்டிக்கு மாற்றுங்கள்.

நம் கடமை

கார்பன் பிரஷும் பேரிங்கும் தேயும் பொருள்களே. ஆரம்பத்தில் கவனித்தால் அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அலட்சியம் செய்தால் முழுக் கருவியும் போய்விடும். ஆகவே, ஒவ்வோர் ஊராட்சியும் தன் வண்டியின் லாக் புக்கில் மாதந்தோறும் மூன்று விவரங்களைக் குறித்து வர வேண்டுகிறேன்: சிவப்பு விளக்கு, பெல்ட், வோல்ட் அளவு. புதுப் பேட்டரி வாங்கக் கோரிக்கை வந்தால், உறுப்பினர்கள் முதலில் அக்குறிப்பைக் கேட்க வேண்டும். ஐ.டி.ஐ. பயின்ற இளைஞர் ஒருவரிடம் இப்பணியை ஒப்படைத்தால் ஊரிலுள்ள டிராக்டர்களுக்கும் அவர் உதவுவார். மாதம் கால் மணி நேரம் இதற்குப் போதும்.

சாலை அமைப்பது அரசின் கடமை. அச்சாலையில் ஓடும் நம் வண்டியின் விளக்கு அணையாமல் காப்பது நம் கடமை. அதனை நிறைவேற்றுவீர்கள் என்னும் நம்பிக்கையோடு எனது உரையை முடித்துக்கொள்கிறேன்.