இரு கதவும் நான்கு கதவும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் குறளையும் கம்பனையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு மோட்டார் காரைப் பற்றிய பேச்சு சற்றே புதுமையாக இருக்கும். பழைய கார்களைப் பேணுவதில் பற்றுக்கொண்டோர் சிலர் இக்காலனியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கைகளில் கிரீஸ் படிந்திருப்பதைக் கண்டு வீட்டிலுள்ளோர் இதனைப் பித்து என்பர். மறுப்பதற்கில்லை. ஆயினும் இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட கார் தமிழ் மண்ணில் செய்யப்பட்டது. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’தான் அது. முன்னே வந்த இரு கதவு ஹெரால்டு சிறந்ததா, பின்னே வந்த நான்கு கதவு ஹெரால்டு சிறந்ததா என்னும் வழக்கு எங்களுக்குள் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவ்வழக்கை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்னும் பெயரோடு இக்கார் வெளிவந்தது. ஹெரால்டு என்பதற்குக் கட்டியங் கூறுவோன் என்று பொருள். வடிவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டு ஜியோவானி மிக்கலோட்டி. அக்காலத்தில் மற்றக் கம்பெனிகள் சேஸ் என்னும் தனி அடிச்சட்டத்தை விட்டுவிட்டுக் காரின் உடலையே ஒரே கூடாக அமைக்கத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கோ, உடற்கூடு செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆகவே தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட்டுகளால் பூட்டினார்கள். வேறு வழியின்றிச் செய்துகொண்ட இவ்வேற்பாடு பின்னாளில் நம் நாட்டில் எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம்.

1961-இல் சென்னை ஹெரால்டு வந்தது. இரண்டு கதவுகள், 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். இன்று நம் பிள்ளைகள் விரும்பும் மோட்டார் சைக்கிள்களில் சில இதனினும் வலியவை! இந்த 35 குதிரைகளை நம்பித்தான் சித்தூர் கடந்து, மொகிலி மேடேறி, கடல்மட்டத்திற்கு 3,000 அடி உயரத்திலுள்ள இந்நகருக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். வழியில் காரை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியவர்களின் பிள்ளைகள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

இரு கதவு வண்டியின் கட்சியார் சொல்வன வலுவுள்ளவையே. மிக்கலோட்டி வரைந்த கோடு கலையாமல் இருப்பது அதில்தான். நீண்ட கதவும், மெல்லிய கூரையும், பின்புறத்துச் சிறு வாலும் ஒரே மூச்சில் வரைந்தவை போன்றவை. முன் சக்கரங்களின் மேல்மூடிகளும் பானெட்டும் ஒன்றாகவே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். இருபத்தைந்து அடி அகலத்திற்குள் வண்டி முழுவட்டமாகத் திரும்பிவிடும். அல்சூர்ச் சந்துகளில் கார் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பின் இருக்கைக்குப் போவது எப்படி? முன் இருக்கையை மடக்கி, தலையைக் குனிந்து, உடலைக் குறுக்கி நுழைய வேண்டும். கோயிலுக்குப் புறப்பட்ட பாட்டியை அவ்வாறு ஏற்றி இறக்கியவர்கள் மிக்கலோட்டியின் கோட்டழகை அவ்வேளையில் நினைத்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் கணவனும் மனைவியும் இரு குழந்தைகளும் செல்வதற்கென்று செய்த காரில், நம்மவர் பாட்டன், பாட்டி, தம்பி, தங்கை, திருமணத்திற்கு வந்த விருந்தினர் எல்லாரையும் ஏற்றினார்கள்.

இங்குதான் எம் உள்ளத்தைக் கவர்ந்த ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் 948-லிருந்து 1147-ஆகவும், பின்னர் 1296-ஆகவும் வளர்ந்தது. 1971-இல் உற்பத்தி நின்றவரை அங்கே நான்கு கதவு ஹெரால்டு வரவே இல்லை. சென்னையிலோ எஞ்சின் அதே 948-ஆக நின்றது, கதவுகள் நான்காயின! அங்கே ஓட்டுபவனின் விருப்பத்திற்கேற்ப வண்டி வளர்ந்தது; இங்கே உடன் வருவோரின் தேவைக்கேற்ப வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து பொறிகளைத் தருவிப்பது அரிதாயிருந்த உரிமக் காலம் அது. தனி அடிச்சட்டமும் போல்ட்டுப் பூட்டிய உடலும் இருந்தமையால், கதவுகளைக் கூட்டும் வேலை நம்மவர் கைக்கு எட்டியது. அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை.

பின் அச்சின் கதையும் இத்தகையதே. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்புடையவை. குறுக்கே ஒரே கமான் பட்டை. பின்னால் பாரம் ஏறியதும் சக்கரங்களின் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்ளோரம் விரைவில் தேயும். வளைவில் வேகமாகச் சென்று திடீரென ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்புறம் வழுக்கவும் கூடும். வாங்கினோர்க்கும் பட்டறைக்காரர்க்கும் இது பிடிக்கவில்லை. எனவே எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த ‘கசேல்’ என்னும் புது வடிவத்தில், ஊசல் முறையை நீக்கி ஒரே தண்டான பின் அச்சைப் பொருத்தினார்கள். எஞ்சின் மட்டும் அதே 948! கசேல் என்பது ஒருவகைச் சிறுமான். உரிமம் கைநழுவாதிருக்கவே அதனைச் சிறு அளவில் செய்துவந்தார்கள் என்று சொல்வோரும் உளர். 1977-இல் அதுவும் நின்றது. 1985-இல் அதே தொழிற்சாலை ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெரிய காரை வெளியிட்டது. 1988-க்குள் அக்கதையும் முடிந்தது.

பழைய கார் உலகில் முதலில் வந்ததற்கே மதிப்பு அதிகம். நான்கு கதவு வண்டியையும் கசேலையும் ‘கலப்பு’ என்று ஒதுக்குவார் உண்டு. அவ்வாறு ஒதுக்குவதால் வரும் கேடு யாது? சென்ற ஆண்டு எங்கள் கண்முன் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். எங்களுள் ஒருவரிடம் இரு கதவு ஹெரால்டு இருக்கிறது. அதன் கியர்ப்பெட்டி பழுதாயிற்று. ஜே.சி. சாலைக் கடைகளிலும் சிவாஜிநகர்க் குஜிரியிலும் தேடிக் களைத்தோம். அப்போது நகரின் வேறொரு மூலையில், கணவரை இழந்த ஒரு மூதாட்டியின் வீட்டு முற்றத்தில் நான்கு கதவு ஹெரால்டு ஒன்று நிற்பதாகச் செய்தி வந்தது. அதனை வாங்கி, கழற்றி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். விலை பேசும்போது அந்த அம்மையார் ஒன்றுதான் கேட்டார்: “ஓட்டுவதற்கு வாங்குகிறீர்களா, உடைப்பதற்கு வாங்குகிறீர்களா?”

எங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. மூன்று ஞாயிறுகள் வாதிட்டோம். கியர்ப்பெட்டியையும் எஞ்சின் உறுப்புகளையும் இன்றும் இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். அங்கே இவ்வகைக் கார்களுக்கு உறுப்பு விற்போர் இருக்கிறார்கள். நான்கு கதவு வண்டியின் பின்கதவை எங்கிருந்து தருவிப்பது? அதனைச் செய்த தொழிற்சாலையே இன்று இல்லை. கிடைக்கக்கூடியதன் பொருட்டுக் கிடைக்காததை உடைப்பது முறையன்று என்று எங்களுள் ஒரு சாரார் சொன்னோம். இறுதியில் கியர்ப்பெட்டி கடல் கடந்து வந்தது. மூதாட்டியின் வண்டியை எங்களுள் ஐவர் கூட்டாக வாங்கினோம்.

சட்டமும் இதற்கு இடந்தருகிறது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டைக் கடந்து, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் மூல வடிவிலேயே இருக்கும் சொந்த உபயோக வண்டியைப் பழமை வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நான்கு கதவு வண்டியின் மூல வடிவம் நான்கு கதவுதானே! தொழிற்சாலையை விட்டு எவ்வுருவில் வெளிவந்ததோ அவ்வுருவில் இருந்தாற் போதும். கடைசிக் கசேல்களும் 2027-இல் ஐம்பதை எட்டிவிடும்.

இரு கதவுக் கட்சியார் இன்னும் தோல்வியை ஒப்பவில்லை. அழகில் அவர்கள் பக்கமே நியாயம் என்பதை யாமும் மறுக்கமாட்டோம். ஆயினும் கொட்டகையில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டென்றால், யாம் நான்கு கதவு வண்டியையே உள்ளே விட்டுப் பூட்டுவோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்த மூதாட்டியின் வண்டியில் வலப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி உடைந்திருக்கிறது. கைப்பிடி ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ, உறவினர் வீட்டுக் கொட்டகையிலோ அவை கிடந்தால், அருள்கூர்ந்து சங்கக் காரியதரிசியிடம் தெரிவியுங்கள். தக்க விலை தருவோம்.