பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலி: மூளை இரத்தக் குழாய் அடைப்பும் ஆபரேஷனும்

(மகளிர் குழுக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசியது)



இன்றைக்கு மூளையின் இரத்தக் குழாய்களைப் பற்றிப் பேசப்போகிறேன். "குடும்ப நலத்துக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது அம்மா. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் நம் பெண்களைத் தாக்கும் ஒரு வியாதியைத்தான் சொல்ல வந்தேன்.

வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால். மிச்சத் தண்ணீரை வெளியேற்றுவது வடிகால். மூளையிலும் அப்படித்தான். வாய்க்கால் அடைத்தால் வருவது, வயதானவர்களிடம் நாம் பார்க்கும் பக்கவாதம். வடிகால் அடைத்தால்? தண்ணீர் தேங்கி வயல் ஊறிப்போகிறது, வரப்பு உடைகிறது. மூளையிலும் இரத்தம் தேங்கி வீக்கம் வரும், சில சமயம் உள்ளேயே கசியும். கர்ப்ப காலத்திலும் பிரசவமான பின்பும் பெண்ணின் இரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை கொண்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்க வேண்டுமே, அதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. அதோடு உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால், இரத்தசோகையும் இருந்தால், அந்த வடிகாலில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள வழி ஏற்படுகிறது.

இது நமக்குப் புதிதல்ல. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்பும் மூளை இரத்தக் குழாய் அடைத்த 135 பேரை ஆராய்ந்து மதுரை டாக்டர் கே. சீனிவாசன் 1983லேயே கட்டுரை வெளியிட்டார். நம்ம ஊரில்தான் அதைப் "பிரசவ ஜன்னி" என்றும் "காத்து கருப்பு" என்றும் சொல்லி விட்டுவிட்டோம்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள். பெண்ணுக்கு மூன்று நாளாகத் தலைவலி, வாந்தி. "தூக்கம் இல்லாத வலிதான், சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வலிப்பு. வேப்பிலை அடிக்கக் கொண்டுபோய், பிறகு பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துப் போவதற்குள் நினைவு தப்பிவிட்டது. பெண் பிழைக்கவில்லை. அந்தத் தெருப் பக்கம் போனால் இன்றைக்கும் எனக்குக் கால் தயங்கும்.

அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலைவலி, படுத்தாலும் இருமினாலும் அதிகமாகும் வலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, பேச்சுக் குழறல், வலிப்பு. பச்சை உடம்புக்காரிக்கு இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். 108க்கு போன் செய்யுங்கள். பிரசவத்தை ஒட்டி வலிப்பு வர இரத்தக் கொதிப்பும் காரணமாகலாம், ஆகவே பிரஷரை முதலில் பார்ப்பார்கள். முதுகில் ஊசி போட்டு சிசேரியன் ஆனவர்களுக்கு எழுந்து உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறைகிற தலைவலி ஒன்று உண்டு. அது வேறு. ஆனால் அந்த வலியின் குணம் மாறினாலும் காட்டத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? முதலில் தலைக்கு சி.டி. ஸ்கேன். லண்டனில் 1971 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நோயாளியின் தலையை இந்த மெஷினில் படம் எடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னெல்லாம் கழுத்து இரத்தக் குழாயில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. 1927ல் லிஸ்பனில் மோனிஸ் என்ற டாக்டர் ஆரம்பித்த முறை அது. ஒரு விஷயம்: சாதாரண சி.டி.யில் இந்த அடைப்பு தெரியாமலே போகலாம். "ஸ்கேன் நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க" என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். பிரசவமாகி எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சாயம் ஏற்றி வடிகால் குழாய்களைப் பார்க்கும் ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுப்பார்கள். சாயம் ஏற்றியதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

அடைப்பு உறுதியானால் ஹெபாரின் என்ற இரத்தம் உறையாத ஊசி. மூளைக்குள் கொஞ்சம் கசிவு இருந்தாலும் இதைப் போடுவார்கள். "ரத்தம் கசியுதுன்னு சொல்றாங்க, அதுக்கு ரத்தத்தை இளக்கற ஊசியா?" என்று வீட்டார் சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வடிகால் அடைத்ததால்தானே வரப்பு உடைந்தது? அடைப்பு மேலும் பரவாமல் தடுத்தால்தான் தேக்கம் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். பிறகு சில மாதங்கள் மாத்திரை. பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையை டாக்டர் தருவார்.

சிலருக்கு வீக்கம் அடங்காது. மூடி போட்ட பானையில் பால் பொங்கினால் எங்கே போகும்? மண்டை ஓடு அப்படிப்பட்ட மூடிய பானை. வீங்கின மூளை கீழ்நோக்கி அமுங்கி, மூச்சை நடத்தும் பாகத்தை நசுக்கிவிடும். அப்போதுதான் ஆபரேஷன். ஒரு பக்க மண்டை எலும்பில் உள்ளங்கையை விடப் பெரிய துண்டை எடுத்து, மூளையைச் சுற்றிய உறையையும் விரித்து, வீக்கத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். மூளையை வெட்டுவதில்லை. எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியிலோ குளிர்பெட்டியிலோ பாதுகாத்து, வீக்கம் வற்றிய பின், பெரும்பாலும் சில மாதங்களில், திரும்ப வைத்துத் தைப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாமியார், "மண்டையைப் பிளக்க விடமாட்டோம், வீட்டுக்கே கொண்டுபோறோம்" என்று கையெழுத்துப் போட மறுத்தார். புருஷன் சின்னப் பையன், அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பெண்ணின் அப்பா, "அவ என் பொண்ணு சம்பந்தி, நான் போடறேன்" என்றார். அதைக் கேட்டதும் பையனே பேனாவை வாங்கிக்கொண்டான். பெண் பிழைத்தாள். வலது கையில் இன்னும் பலக்குறைவு இருக்கிறது, குடம் தூக்க முடியாது. குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் நிற்பதைப் பார்த்தேன்.

இந்த ஆபரேஷன் செய்த எல்லோரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பல நாடுகளில் ஆபரேஷன் ஆனவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறக்குறைய மூவரில் இருவர் ஒரு வருடத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். மூவரில் ஒருவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். செய்யாமல் விட்டால் அந்த நிலைமையில் பிழைப்பது அபூர்வம்.

இனி பாட்டிமார்களிடம் ஒரு வார்த்தை. பூண்டுக் குழம்பு வையுங்கள், சுக்குக் கஷாயம் கொடுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்" என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள். தாகத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். நாள் முழுக்கப் படுக்கையிலேயே போடாமல் எழுந்து நடமாட விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்த வேண்டாம்.

இந்த நோய் வந்து தேறிய பெண் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதைக் கூட்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். காப்பர்-டியில் அந்த ஹார்மோன் இல்லை. அடுத்த குழந்தை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாள் தள்ளியதுமே பதிவு செய்து, பழைய சீட்டைக் காட்டுங்கள், தடுப்பு ஊசி தேவைப்படும்.

வெளியே வேப்பமரத்தடியில் நர்ஸ் அம்மா பிரஷர் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். பிரசவமாகி நாற்பது நாள் ஆகாதவர்கள் முதலில் போங்கள். மற்றவர்கள் கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.