பந்தியில் யாருக்கு இடம்?

டிசெம்பர் மாத இறுதியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருவோர், கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் நம் தீவகத்துப் பிள்ளைகள் பயணப் பைகளோடு படகுக்குக் காத்து நிற்பதைக் காண்பார்கள். நயினாதீவுக்குப் போவோரும் நெடுந்தீவுக்குப் போவோரும் அங்கே ஒன்றாகக் கூடிப் பேசுவார்கள். இக்காலத்தில் அப்பேச்சில் தவறாது இடம்பெறுவது, தத்தம் கொம்பனி நடத்திய ஆண்டிறுதி விருந்து.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின் பேரில் அத்தகைய விருந்தொன்றுக்கு நானும் போயிருந்தேன். இடம் கொழும்பில் ஒரு மதுக்கூடம். 1950கள், 1960களின் காலத்தை நினைவூட்டும்படி அதை அமைத்திருந்தார்கள். மங்கலான விளக்கு, பிரம்பு நாற்காலி, சுழலும் இசைத்தட்டு, ஒரு மூலையில் ஓலைக் கூரை. ஓலையை நீக்கி ஓடு போடுவதற்கு நம்மூரில் ஒரு தலைமுறை பாடுபட்டது. அங்கோ ஓலையின் கீழ் அமர்வதற்குத் தனிக் கட்டணம்!

அங்கே பரிமாறப்பட்ட கலப்பு மதுவுக்குக் கொக்டெயில் என்று பெயர். மதுசாரம், சீனி, நீர், கசப்புச் சாறு ஆகியவற்றின் கலவையே அது என 1806ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையொன்று விளக்கம் தந்தது. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு நிலவியது. அதன் பின்னரே, தென்கடல் தீவுகளைப் போல ஓலையும் மூங்கிலும் கொண்டு அலங்கரித்த மதுக்கூடங்கள் அங்கே பரவின. கடலையே காணாதவரும் ஒரு மாலைப்பொழுது தீவுவாசியாகலாம் என்பது அவற்றின் கவர்ச்சி.

பழமையை விரும்புவது குற்றமன்று. ஆயினும் நாம் மீட்டெடுக்கும் பழமை எது என்று கேட்க வேண்டும். அந்த 1950களிலும் 1960களிலும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர இயலாது. வெளியே நிற்க வேண்டும். தனிப் பாத்திரத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும். பனையேறிக் கள் இறக்கிய சீவல் தொழிலாளியின் உழைப்பு வேண்டியிருந்தது. அவரோடு சமமாக அமர்வது மட்டும் வேண்டாதிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. இசைத்தட்டும் விளக்கும் அக்காலத்தின் ஒரு பாதி. வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் மறுபாதி.

இதை நான் அந்த மதுக்கூடத்தில் இருந்தபோதே நினைத்தேன். காரணம் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தோடம்பழச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். “இன்னும் குழந்தையா?” என்று மேலதிகாரி ஒருவர் கேட்க, சுற்றியிருந்தோர் சிரித்தனர். அவரும் சிரித்தார்; ஆனால் கண்ணாடிக் குவளையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார். பெண் உத்தியோகத்தர் இருவர் வீடு திரும்பும் கடைசிப் பேருந்தை எண்ணி அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தனர்.

நண்பனுடைய அழைப்பை மறுக்கலாம். மறுநாள் அவன் மறந்துவிடுவான். ஊதிய உயர்வையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பவருடைய அழைப்பு அத்தகையதன்று. அங்கே வேண்டுகோளும் கட்டளையாகவே காதில் விழும். மதத்தின் பொருட்டோ, உடல்நலத்தின் பொருட்டோ, தகப்பனின் குடியால் சிதைந்த குடும்பத்தின் நினைவாலோ ஒருவர் மதுவை விலக்கலாம். அதற்கான காரணத்தைச் சபையில் சொல்லும்படி அவரை நிறுத்துவது விருந்தாகாது, விசாரணையாகும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை அந்தப் பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் உண்டு. காப்பியம் அப்பாத்திரத்துக்குத் தந்த பெருமை, அது வற்றாமல் சுரந்தது என்பது மட்டுமன்று. பசித்தவர் எவருக்கும் அதிலிருந்து கிடைத்தது என்பதுமாகும்.

கொம்பனிகள் விருந்தை நிறுத்த வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் கூடி மகிழத்தான் வேண்டும். மது அருந்தாதோருக்கும் நல்ல பானம் அதே மேசையில் இருக்கட்டும். ஏன் குடிக்கவில்லை என்று எவரும் கேளாதிருக்கட்டும். எல்லோரும் வீடு சேர வாகனம் இருக்கட்டும். காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அழைப்பிதழ் போகட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, அந்த ஓலைக் கூரைக்கு ஆகும் செலவிலும் குறைவாகவே இருக்கும்.

இன்று சுவரோரம் நிற்கும் இளைஞர்களே நாளை முகாமையாளர்களாக வருவார்கள். அப்போது விருந்துக்கு அழைப்பவர்கள் அவர்களே. தாம் நின்ற இடத்தை அவர்கள் மறவாதிருந்தால், அந்தச் சுவரோரம் ஒருவரும் நிற்க நேராது.