நாபோத்தின் திராட்சத் தோட்டமும் நம் முன்னோர் நிலமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

25 ஆண்டுகள் கல்விப் பணி ஆற்றிய சங்கத்தின் மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது எளிது. கற்றவன் எப்படிப்பட்டவனாக விளங்க வேண்டும் என்று பேசுவதே அரிது. அதற்குத் துணையாக வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தில் காணும் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத நம் உறவினரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இது நிலத்தை இழந்த ஒரு குடியானவனின் கதை. இதைப் புரிந்துகொள்ள நம்மில் எவருக்கும் தனி விளக்கம் வேண்டியதில்லை.

யெஸ்ரயேல் என்னும் ஊரில் ஆகாப் அரசனின் அரண்மனையை அடுத்து, நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சத் தோட்டம் இருந்தது. அதைக் கீரைத் தோட்டமாக்க விரும்பிய அரசன், அதற்கு ஈடாக இன்னும் நல்ல தோட்டம் தருவதாகவும், வேண்டுமானால் பணமே தருவதாகவும் கூறினான். நாபோத் மறுத்துவிட்டான். ஏன்? நிலம் கடவுளுடையது, அதை அறுதியாக விற்கலாகாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. தந்தையிடமிருந்து பெற்றதைப் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டியவனே குடியானவன். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு இத்தகைய பூர்வீக உடைமையைச் 'சுதந்தரம்' என்றே வழங்குகிறது. விடுதலைக்கு நாம் வழங்கும் சொல்லும் அதுவே அன்றோ! காலுக்குக் கீழே சொந்த நிலம் உள்ளவனே அரசனிடமும் 'முடியாது' என்று சொல்லும் துணிவு பெறுகிறான்.

அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உண்ணாமல் படுத்துக்கொண்டான். அரசி யேசபேல் என்ன செய்தாள்? அவள் படையை அனுப்பவில்லை, கடிதம் எழுதினாள். அரசனின் முத்திரையைப் பதித்து ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் உபவாசம் அறிவித்தனர். நாபோத்தை மக்கள் முன்னிலையில் அமர்த்தினர். கடவுளையும் அரசனையும் நிந்தித்தான் என்று இருவர் பொய்ச்சாட்சி கூறினர். சாட்சி இருவர் வேண்டும் என்ற சட்டமும் குறைவின்றி நிறைவேறிற்று! ஊருக்கு வெளியே அவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான்.

அன்பார்ந்தவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியவளுக்கு எழுதத் தெரியும். பெற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியும். நாபோத்தை அழித்தது கல்லாமை அன்று, நெறியற்ற கல்வியே. அவனோடு ஒரே ஊரில் வாழ்ந்த பெரியவர்களில் ஒருவராவது, "இது பொய்; இதற்கு நான் உடன்பட மாட்டேன்" என்று கூறியதாக வேதம் சொல்லவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமன்கீர் 1891-இல் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். தரிசு நிலத்தைக்கூட நம்மவர் கேட்டுப் பெற முடியாதபடி மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. குடிசை போட்ட மனையும் அவர்களுடையது என்று சொல்லப்பட்டதால், எதிர்த்துப் பேசியவன் குடியிருப்பையும் இழக்க நேர்ந்தது. செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வில்லியம் கௌடி போன்ற மிஷனெரிகளும் இக்கொடுமையை எடுத்துரைத்தனர். இதன் பயனாக 1892-இல் அரசாணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் நிலங்கள் வழங்கப்பட்டன.

அந்த நிலத்திற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையைக் கேளுங்கள். முதல் பத்தாண்டுகள் எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். நாபோத் காத்து நின்ற நெறியும் ஏறத்தாழ இதுவே அல்லவா? ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. விதைப்புக் காலத்துக் கடனுக்கும், திருமணச் செலவுக்கும், நோய்க்கும் கைநாட்டு வைத்தவர்கள் பலர். பசியால் விற்ற அந்த முன்னோரை நாம் பழிக்கலாகாது. நிபந்தனையை அறிந்திருந்தும் எழுதி வாங்கியவர்களும், அறிந்திருந்தும் பதிவு செய்து கொடுத்தவர்களுமே கணக்குக் கூற வேண்டியவர்கள்.

இழந்ததைக் கேட்டவர்களுக்கு நேர்ந்ததும் நமக்குத் தெரியும். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் வேதத்திலிருந்து வந்தது. மற்றவர் பெயர் திருமலையிலிருந்து வந்தது. சிந்திய குருதியில் வேறுபாடு இல்லை.

இளைஞர்களே! அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும், தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் நம் பகுதியின் மனை விலை உயர்ந்துகொண்டே வருகிறது. ஆகவே ஆகாபின் ஆசையும் யேசபேலின் கடிதமும் நம் தெருவுக்கும் வரக்கூடும். அப்போது உங்கள் படிப்பு எந்தப் பக்கம் நிற்கும்? தெரிந்தவர் கேட்டார் என்று, வாசிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். தரகுப் பணத்துக்காகப் பாட்டியின் விரலைப் பிடித்து மையில் தோய்க்காதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவரின் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வாசித்துக் காட்டுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துப் பதிவேட்டில் அந்த நிலம் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று விசாரியுங்கள். தகவல் கிடைக்காவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். இதுவும் இறைப்பணியே. ஞாயிறன்று ஆலயத்தில் பாடும் வாய், திங்களன்று பதிவு அலுவலகத்திலும் உண்மை பேச வேண்டும்.

மூத்தோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு குடும்பம் நோயாலோ கடனாலோ நிலத்தை விற்கும் நிலைக்கு வரும்போது, அவர்கள் கதவைத் தட்டுகிற முதல் ஆள் தரகராக இருக்கலாகாது. அது நாமாக இருக்க வேண்டும். பெண் மக்களையும் மறவாதீர்கள். தந்தையின் உடைமையில் பங்கு கேட்டு மோசேயின் முன் துணிந்து நின்ற செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளின் வழக்கு நியாயமானது என்று கடவுளே தீர்ப்பளித்தார்.

இறுதியாக ஒரு சொல். நாபோத்தின் தோட்டத்தைச் சொந்தமாக்கச் சென்ற ஆகாபை எலியா தீர்க்கதரிசி அங்கேயே சந்தித்துக் கடிந்துரைத்தார். ஆகாப் உடையைக் கிழித்து, இரட்டுடுத்தி, உபவாசித்தான். ஆனால் தோட்டத்தை நாபோத்தின் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தான் என்று ஒரு வரியும் இல்லை. அவன் மனம் வருந்தினான். பொருளை மீட்டுத் தரவில்லை. எரிகோவில் வாழ்ந்த வரி வசூலிப்போன் சகேயுவோ, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், எவரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தது அந்த வீட்டைக் குறித்தே.

ஆகவே கண்ணீரோடு நின்றுவிடாமல், எடுத்ததைத் திருப்பித் தரும் மனந்திரும்புதலையே இந்தச் சமுதாயத்திடம் கேட்போம். கேட்கும் தகுதி பெற நாமும் நம் சிறு கணக்குகளில் நேர்மையாக இருப்போம். முடியாது என்று சொல்லும் நாபோத்தின் உறுதியும், நேரில் சென்று கேட்கும் எலியாவின் துணிவும், திருப்பித் தரும் சகேயுவின் மனமும் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதாக!