போட்டியிலே பொதுச் செல்வம்

கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்பதை நாம் எல்லோரும் இளமை முதலே கேட்டு வருகிறோம். கேட்பதற்கு அஃது எளிது, ஒப்புக்கொள்வதற்கும் எளிது. ஆனால், நாளை நடைபெறும் போட்டியில் நம்மை எதிர்த்து நிற்கப்போகிறவர் இன்று நம் பட்டறை வாயிலில் வந்து, "உங்கள் பொறியின் கை வழுக்காமல் பொருளைப் பற்றுகிறதே, அதை எவ்வாறு அமைத்தீர்கள்?" என்று கேட்டால், அப்பொழுதும் அந்த உண்மை நம் நினைவில் நிற்குமா? விடை சொல்வோமா, கதவைச் சாத்துவோமா? இதுவே இன்று நான் உங்களோடு ஆராய விரும்பும் கேள்வி.

மாணவ நண்பர்களே, இது வெறுங்கற்பனைக் கேள்வி அன்று. ரோபோ எனப்படும் தானியங்கிப் பொறிகளை மாணவர்களே அமைத்துப் போட்டியிடும் அரங்குகள் இன்று உலகின் பல பகுதிகளிலும் உள்ளன. ஜப்பானில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கென 1988-ஆம் ஆண்டில் இத்தகைய போட்டி தொடங்கிற்று. அமெரிக்காவில் டீன் கேமன் என்னும் புதுப்பொறி காண்பவர் 1989-இல் 'ஃபர்ஸ்ட்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் முதற்போட்டி 1992-இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு நடைபெற்றது. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நாடுகளுக்கிடையே நடத்தும் 'ரோபோகான்' போட்டி 2002-இல் டோக்கியோவில் தொடங்கிற்று. 2008-இலும் 2014-இலும் நம் நாட்டுப் புனே நகரிலேயே நடந்தது. வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் கூடி அமைத்த ஒன்றியம் அது. செய்தியைப் பரப்புவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இப்போட்டியையும் வளர்த்தார்கள் என்பது வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ?

இப்போட்டிகளில் ஈடுபடும் மாணவர்களோடு பல்லாண்டுகள் பழகியவன் நான். அவர்களுடைய ஊக்கத்தைக் கண்டு வியந்திருக்கிறேன். அதே சமயத்தில், அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி ஆண்டுதோறும் வீணாவதையும் கண்டிருக்கிறேன். அதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும்.

ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றும் தொழிலாளர் உண்டு. அவர் கற்றது அவரோடு அங்கேயே இருக்கிறது. மாணவர் அணியின் நிலை அவ்வாறன்று. நான்காண்டுப் படிப்பில், ஆண்டுக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் விடைபெறுகின்றனர். அதிகம் கற்றவர் எவரோ அவரே முதலில் வெளியேறுகிறார். போட்டி முடிந்த மறுமாதம் பட்டறைக்குச் சென்று பாருங்கள். பொறி அலமாரியின்மேல் இருக்கும், கம்பிகள் தொங்கும், எந்தக் கம்பி எதற்கு என்று சொல்ல ஆள் இராது. "அண்ணனுக்குத்தான் தெரியும்" என்பார்கள். அண்ணனோ வேலை கிடைத்து வேற்றூர் போயிருப்பார். புதிதாக வந்த தம்பியர் அவர் பட்ட துன்பங்களையெல்லாம் மீண்டும் முதலிலிருந்து படுவர். நான்கு ஆண்டு அனுபவம் என்று அவர்கள் எண்ணிக்கொள்வது, ஓராண்டு அனுபவமே நான்கு முறை திரும்பி வந்ததாகும்.

கைத்தொழில் அறிவு இவ்வாறு மறைந்துபோவது நம் நாட்டுக்குப் புதிதன்று. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த எஃகு ஒரு காலத்தில் கடல் கடந்து சென்று புகழ் பெற்றது. ஐரோப்பியர் அதனை 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். மைக்கேல் ஃபாரடே தம் இளமையில், 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதன் இயல்பை ஆராய்ந்தார். அத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிந்தது. நலிவுக்குக் காரணங்கள் பல. ஆனால், நலிந்த பின்னர் அதனை மீட்டெடுப்பது அரிதாயிற்று என்றால், அந்த நுட்பம் பெரும்பாலும் கொல்லர்களின் கையிலும் கண்ணிலுமே தங்கியிருந்தமை அதற்கு ஒரு காரணம் எனலாம். கை ஓய்ந்தது, கலையும் உடன் ஓய்ந்தது.

ஆகவே, பிற அணிக்குக் கொடுப்பதா என்னும் கேள்விக்கு முன்னே, நம் அணிக்கே நாம் கொடுத்து வருகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பகிர்வு வீட்டில் தொடங்க வேண்டிய பழக்கம்.

எதனைப் பகிர்வது? பொறியின் வரைபடத்தைக் கொடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். வரைபடம் முடிவை மட்டும் காட்டும். அம்முடிவுக்கு வந்த வழியைக் காட்டாது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இப்பொறிகள் பலவற்றில் 12 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கும். பொறி தள்ளவும் தூக்கவும் ஓடவும் ஒரே நேரத்தில் முயன்றால், மோட்டார்கள் எல்லாம் கூடி மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அப்பொழுது மின்கலத்தின் அழுத்தம் சட்டென்று தாழும். ஏழு வோல்ட்டுக்கு அருகில் அது தாழ்ந்துவிட்டால், பொறியின் மூளையாகிய சிறு கணிப்பொறி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மோட்டார்களை நிறுத்திவிடுவதும் உண்டு. அரங்கில் நிற்பவர்களுக்குப் பொறி திக்கித் திக்கி ஓடுவதாகத் தோன்றும். நிரலில் பிழை என்று எண்ணி இரவெல்லாம் விழித்திருந்து நிரலைத் திருத்துவர். பிழையோ நிரலில் இல்லை. முதுமையடைந்த மின்கலத்தில் இருக்கும், அல்லது சரியாக இறுக்கப்படாத ஓர் இணைப்பு முனையில் இருக்கும்.

இதனை அறிந்த அணி என்ன செய்கிறது? ஒவ்வொரு மின்கலத்தின்மேலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுகிறது. எந்த ஆட்டத்தில் எந்த மின்கலம் பயன்பட்டது என்று குறித்து வைக்கிறது. ஒவ்வொரு கம்பி முனையையும் கையால் இழுத்துப் பார்க்கிறது. இறுக்கிய நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து வண்ணத்தால் ஒரு கோடு இடுகிறது. நட்டு தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். இவை எந்த வரைபடத்திலும் இரா. ஒரு தாளில் பத்து வரியாக எழுதினால், பத்து இரவுகளின் உறக்கம் பிறர்க்கு மிஞ்சும். தோல்வியின் குறிப்பே பகிரத் தக்கவற்றுள் தலையாயது என்பது என் கருத்து. வெற்றி பெற்ற பொறியை எல்லோரும் பார்க்கிறார்கள். பயன்படாமல் மூலையில் எறியப்பட்ட மூன்று கைகளைப் பார்ப்பவர் எவர்? அவை ஏன் எறியப்பட்டன என்பதிலன்றோ பாடம் இருக்கிறது!

இனி, அணியை நடத்தும் கலைக்கு வருவோம். பொறி நுட்பத்தைக் காட்டிலும் இது அரிய கலை. ஒரு பொறிக்குள் தச்சும், கொல்லும், மின்னியலும், கணிதமும், பணக்கணக்கும் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் ஏற்கும்போது, ஒருவர் தாமதம் எல்லோர் தாமதமாகிறது. நிரல் எழுதுவோர் பெரும்பாலும் கடைசியில் நிற்பவர்கள். பொறி முழுமையாகும் வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொறி அவர்கள் கைக்கு வருகிறது. இக்குறையை உணர்ந்த அணிகள், நாட்குறிப்பைப் பின்னிருந்து முன்னாக வகுக்கின்றன. போட்டி நாளை முதலில் எழுதி, அதற்கு முன் ஓட்டிப் பழக இத்தனை நாள், நிரலுக்கு இத்தனை நாள் என ஒதுக்கி, எஞ்சியதையே பொறி கட்டுவதற்குத் தருகின்றன. கருத்து வேறுபாடு எழுந்தால் முடிவு செய்பவர் யார் என்பதையும் முன்னமே தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பெரிய வேலைக்கும் மூத்தவர் ஒருவரோடு இளையவர் ஒருவரை இணைத்து வைக்கின்றன. மூத்தவர் விடைபெறும்போது வேலை அனாதையாவதில்லை. எளிய முறைகளே. எனினும், சொல்லித் தருவார் இன்றித் தாமே கண்டுபிடிக்கப் பல அணிகளுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நம் அணிக்குள் கொடுப்பதை எல்லோரும் ஒப்புவர். எதிர் அணிக்குக் கொடுப்பதுதானே சிக்கல்? 'ஃபர்ஸ்ட்' நிறுவனத்தார் இச்சிக்கலை நன்கு சிந்தித்திருக்கிறார்கள். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கி 2019-இல் மறைந்த உட்டி ஃபிளவர்ஸ் என்பவர், கண்ணியமான தொழில்நெறி என்னும் கொள்கையை அப்போட்டிகளில் நிலைநிறுத்தினார். கடுமையாகப் போட்டியிடு, ஆயினும் எதிரியை மதித்து நட, அவனுக்கு உதவு என்பது அதன் சாரம். ஒத்துழைப்பையும் போட்டியையும் பிணைத்து அங்கே ஒரு புதுச்சொல்லையும் வழங்குகின்றனர். தமிழில் அதனை 'ஒத்துப்போட்டி' எனலாம்.

கொள்கை மட்டும் போதாது என்று அவர்கள் ஆட்டத்தின் அமைப்பையும் அதற்கேற்ப வகுத்தனர். உயர்நிலைப் பள்ளியினருக்கான அவர்களுடைய பெரும்போட்டியில், பக்கத்துக்கு மூன்று அணிகள் கூடி, ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆடுகின்றன. தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறுகிறது. முற்பகலில் எதிரியாய் இருந்தவன் பிற்பகலில் தோழனாகிறான். அவன் பொறி பழுதுபட்டுக் கிடந்தால் நட்டம் நமக்கே! எனவே, பழுது பார்க்கும் இடத்தில் ஓர் அணிக்கு உதிரிப்பொருள் வேண்டும் என்று அறிவித்தால், மற்றோர் அணி கொண்டுவந்து கொடுப்பது அங்கே வழக்கமாகியிருக்கிறது. மேலும், அப்போட்டியின் தலையாய விருது மிகச் சிறந்த பொறிக்கு உரியதன்று. தம் சமூகத்தில் அறிவைப் பரப்பிப் பிற அணிகளுக்கு முன்மாதிரியாய் விளங்கும் அணிக்கே அது உரியது.

"இவை எல்லாம் விதியால் வந்த ஒழுக்கம். அத்தகைய விதி இல்லாத இடத்தில் கொடுத்தவன் தோற்பான்" என்று சிலர் கூறலாம். நேர்மையான ஐயம்தான். இதற்கு நிகழ்ந்த செய்தி ஒன்றையே விடையாகக் கூறுகிறேன்.

ரோபோக்களைக் கொண்டு கால்பந்து ஆடும் 'ரோபோகப்' என்னும் உலகப் போட்டி 1997-இல் ஜப்பானின் நகோயா நகரில் தொடங்கிற்று. அதில், கணிப்பொறித் திரையிலேயே பாவனை வீரர்கள் ஆடும் பிரிவு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து அணி அப்பிரிவில் 1998-இலும் 1999-இலும் முதலிடம் பெற்றது. வென்றவர்கள் தம் நிரலின் அடிப்படைப் பகுதிகளை, அதாவது ஓடுதல், பந்தை உதைத்தல் முதலியவற்றைச் செய்யும் பகுதிகளை, யாவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். போர்த்துகல் நாட்டு அணி ஒன்று அதனை எடுத்துக்கொண்டது. அந்த அடிப்படையின்மேல், வீரர்கள் எந்நிலையில் எங்கே நிற்பது, எப்பொழுது இடம் மாற்றிக்கொள்வது என்னும் தன் சொந்த ஆட்ட வியூகத்தைக் கட்டிற்று. 2000-ஆம் ஆண்டில், மெல்போர்ன் நகரில், அந்தப் போர்த்துகல் அணியே வென்றது. கொடுத்தவர் முதலிடத்தை இழந்தனர்.

பார்த்தீர்களா, கொடுத்தவன் தோற்றானே என்கிறீர்களா? கதை அங்கே முடியவில்லை. கார்னெகி மெலன் அணியை உருவாக்கியவர்களுள் ஒருவர் அப்பொழுது மாணவராயிருந்த பீட்டர் ஸ்டோன். அவர் பின்னர் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் வளர்த்த அணி, முப்பரிமாணப் பாவனைக் கால்பந்தில் 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் உலக வெற்றி பெற்றது. அந்த அணியும் தன் நிரலின் அடிப்படையைப் பின்னர் வெளியிட்டது! கொடுத்து ஒரு முறை தோற்றவர், கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடவில்லை. வெல்லும் திறனையும் இழந்துவிடவில்லை. மற்றோர் உண்மையையும் நோக்குக. அடிப்படை வேலை கையில் கிடைத்ததால்தான் போர்த்துகல் மாணவர்களுக்கு வியூகத்தைப் பற்றி எண்ண ஓய்வு கிடைத்தது. ஒருவர் முடித்த இடத்தில் மற்றொருவர் தொடங்கினார். அறிவியல் வளர்வது இவ்வாறே அன்றோ?

பெறுவோர்க்கும் கடமை உண்டு. பிறர் நிரலைப் பொருள் அறியாமல் அப்படியே படியெடுத்து ஓட்டுபவன், அது நின்றுபோன அன்று தானும் நின்றுவிடுவான். பெற்றதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்; ஏன் இவ்வாறு என்று கேட்க வேண்டும்; எவரிடம் பெற்றோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுத்தவர் பெயரை மறைப்பது களவுக்கு ஒப்பாகும். தாம் திருத்திய பகுதியைத் திருப்பிக் கொடுப்பது நன்றிக்கு அடையாளம்.

கொடுப்பவனுக்கும் ஓர் ஊதியம் உண்டு என்பதை இறுதியாகச் சொல்வேன். எதிர் அணியினர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத முயலும்போதுதான், நாமே அரைகுறையாக அறிந்த இடங்கள் புலப்படும். "இந்த எண்ணை ஏன் இவ்வளவு என்று வைத்தோம்?" என்று பேனா நின்றுவிடும். அங்கே நம் அறியாமை இருக்கிறது. அதனைத் தீர்த்த பின்னரே எழுத்து நகரும். ஆதலால், பிறர்க்காக எழுதிய ஏடு முதலில் நமக்கே ஆசிரியனாகிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இத்தகைய அணி இருக்குமாயின், இந்த வாரமே ஒரு தடித்த ஏடு வாங்குங்கள். இன்று என்ன முயன்றோம், எது உடைந்தது, ஏன் என்று நினைக்கிறோம், யார் செய்தார் என்னும் நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். ஆண்டின் இறுதியில் அதனை அடுத்த ஆண்டு மாணவர் கையில் கொடுங்கள். பிறகு, பட்டணத்துப் பெரிய கல்லூரியோடு மட்டும் அன்றி, வழிகாட்ட ஒருவரும் இல்லாத சிற்றூர்ப் பள்ளியோடும் அதனைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பெரிய கல்லூரிக்கு அந்த ஏடு பத்தோடு பதினொன்றாகலாம். சிற்றூர்ப் பள்ளிக்கோ அஃது ஓர் ஆசிரியரே வந்து சேர்ந்ததற்கு ஒப்பாகும். அவர்கள் ஒரு நாள் உங்களை வெல்லவும் கூடும். அன்று அரங்கில் எழும் கைதட்டலில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று துணிந்து மகிழலாம்.