பிள்ளையின் கைக்கேற்ற வயலின்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் நாளில் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு வாத்தியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "டீச்சர், மக வயலின் கத்துக்கணும்னு ஒரே அழுகை. எந்த அளவு வாங்கலாம்?" என்று கேட்டார். பிள்ளைக்கு அப்போது 8 வயது. "பெருசாவே வாங்கிடுங்கண்ணே, வளர்ற பிள்ளைதானே" என்றேன். பள்ளிச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சு வைத்துப் போட்டு வளர்ந்தவள்தானே நானும்!

அவர் சீட்டு எடுத்து முழு அளவு வயலின் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம்தான். தோளிலே வலி, விரல் சுரத்துக்கு எட்டவில்லை, சுருதியும் சேரவில்லை. "எனக்குச் சங்கீதம் வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டது அந்தப் பிள்ளை. வயலின் அலமாரி மேலே ஏறிவிட்டது. குற்றம் பிள்ளையுடையது அன்று. விசாரிக்காமல் யோசனை சொன்ன என்னுடையது. அதன் பிறகுதான் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

"வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் அதைக் கற்று, நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவாங்கூர் அரசவையில் வாசித்தார். லால்குடி ஜெயராமனும் குன்னக்குடி வைத்தியநாதனும் அதைத் தமிழர் வீடு தோறும் கேட்கச் செய்தார்கள். இருநூறு ஆண்டு நம்மோடு வாழ்ந்த பொருள் இனியும் அந்நியமாகுமா?

சரி, அளவுக்கு வருவோம். வயலினில் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. மிகச் சிறு பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறியதும் உண்டு. 'அரை' என்றால் பாதி நீளம் என்று எண்ணிவிடாதீர்கள். முழு வயலினின் உடற்பகுதி ஏறத்தாழ 14 அங்குலம். அரை வயலினுடையது ஏறத்தாழ 12 அங்குலம். இரண்டு அங்குலம்தானே என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சின்னக் கைக்கு அது பெரிய தூரம்.

"முழுசு வாங்க வக்கில்லாம முக்கால் வாங்கினான்னு பேசுவாங்களே" என்று வெட்கப்படவும் வேண்டாம். வயலினைப் போலவே வடிவம் கொண்ட, ஆனால் ஆளுயரம் நிற்கும் 'டபுள் பாஸ்' என்ற வாத்தியத்தை மேல்நாட்டு இசைக் குழுக்களில் பார்த்திருப்பீர்கள். அதை வாசிக்கும் பெரியவர்களிலேயே பெரும்பாலோர் வைத்திருப்பது முக்கால் அளவுதான்! உடம்புக்கு எது பொருந்துகிறதோ அதுதான் சரியான அளவு.

அளப்பதற்குத் துணி அளக்கும் நாடா போதும். பிள்ளையை நிற்க வைத்து, இடக்கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். கழுத்தோரத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரை அளந்து பாருங்கள். சுமார் 18 முதல் 20 அங்குலம் வரை இருந்தால் கால் அளவு. 20 முதல் 22 வரை அரை. 22 முதல் 23½ வரை முக்கால். அதற்கு மேல் முழு அளவு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சிறியதையே எடுங்கள்.

நாடாவோடு நின்றுவிடாதீர்கள். நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலது காலின் கணுக்கால் பக்கம் ஊன்றி வாசிக்கிறோம். ஆகவே பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். தலைப்பகுதி பாதத்தைத் தாண்டிப் போனாலோ, பிள்ளை பின்னால் சாய்ந்தாலோ, இடக்கை முழங்கை மடங்காமல் விறைத்து நின்றாலோ அது பெரிது. சிம்பாங் பூலாய் சாலை வழியே ஈப்போவுக்கு இறங்கினால், முதலில் சொல்லித்தரும் ஆசிரியரிடம் பிள்ளையைக் காட்டிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.

பழைய வயலின் வாங்குவது குறைவல்ல. ஆனால் நான்கு இடம் பாருங்கள். மேல் பலகையில் வெடிப்பு உண்டா? ஓரங்களில் ஒட்டு விட்டிருக்கிறதா? முறுக்காணி திருகிய இடத்தில் நிற்கிறதா? உள்ளே நிற்கும் சின்னக் குச்சி விழுந்து கிடக்கிறதா? அது விழுந்திருந்தால் தந்தியை முறுக்காதீர்கள். மேல் பலகை அமுங்கிவிடும். மிச்சப்பட்ட பணத்தில் நல்ல தந்தியும் வில்லும் வாங்குங்கள். பளபளப்பான பெட்டியை விட அவைதாம் பிள்ளைக்கு உதவும்.

நம் மலையில் ஈரம் அதிகம். மரம் ஊறி முறுக்காணி இறுகும். வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். வில்லின் முடியைத் தளர்த்தி வையுங்கள். ஈரச் சுவரிலும் மாட்ட வேண்டாம். காயட்டும் என்று அடுப்படியிலும் வைக்க வேண்டாம். கீழே இறங்கும்போது வெயிலில் நிற்கும் காரில் விட்டால் ஒட்டுப்பசை இளகிவிடும்.

"டீச்சர், கைக்கேத்த மாதிரி ஒவ்வொரு அளவா வாங்க நாங்க எங்க போவோம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 7 வயதில் தொடங்கும் பிள்ளை 12 வயதுக்குள் இரண்டு மூன்று அளவு மாற வேண்டிவரும். ஒரு குடும்பம் தனியாகச் சுமந்தால் பாரம். ஊர் கூடிச் சுமந்தால் பாரமில்லை. ஒரு பிள்ளைக்குச் சிறிதானது இன்னொரு பிள்ளைக்குச் சரியாகும். ஆகவே பள்ளியில் ஒரு வாத்திய அலமாரி வைப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் வயலின், மிருதங்கம், ஆர்மோனியம் எதுவானாலும் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தேதியும் எழுதி இரவல் கொடுப்போம். கை வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அளவை எடுத்துப் போகட்டும்.

இந்த யோசனையைச் சொன்னவுடன் முதலில் வந்து நின்றவர் அதே தகப்பனார்தான். தூசி தட்டிய பெட்டியைக் கையில் கொடுத்து, "எம்மவளுக்கு ஆசை போயிடுச்சு டீச்சர். யாராவது ஒரு பிள்ளையாச்சும் வாசிக்கட்டும்" என்றார். எனக்குப் பதில் பேச வரவில்லை.

அந்த முழு வயலின் இப்போது பள்ளியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டில் கை நீண்ட பிள்ளை ஒன்றுக்கு அது பொருந்தலாம். நமக்கு இப்போது வேண்டியவை காலும் அரையும் முக்காலும். இனி இந்தத் தோட்டத்தில் ஒரு பிள்ளையும், வாத்தியம் பெரிதாகிப் போனதால் "எனக்கு வராது" என்று சொல்லக் கூடாது. அதற்கு உங்கள் ஒத்துழைப்பை வேண்டி விடைபெறுகிறேன்.